புரொஃபைலிங்: சுயவிவரம் அல்ல, ஆள்வரைவு

1993 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 'கிராக்கர்' தொடங்கியது. ஜிம்மி மெக்கவர்ன் உருவாக்கியது; கதை நடப்பது மான்செஸ்டரில். ராபி கோல்ட்ரேன் நடித்த ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் குடிப்பார், ஓயாமல் புகைப்பார், சூதாட்டத்தில் பணத்தைத் தொலைப்பார். ஆனால் கொலை நடந்த விதத்தைப் பார்த்தே கொன்றவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லுவார். அந்த வேலைக்குப் பெயர் 'புரொஃபைலிங்'. 2002இல் வந்த 'வயர் இன் த பிளட்' தொடரின் டோனி ஹில் செய்வதும் இதே வேலைதான்.

இதைத் தமிழில் எழுத உட்காரும்போது கைக்கு முதலில் வருவது 'சுயவிவரம்'. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கும்போதும் அது சரியான சொல். தன்னைப் பற்றித் தானே தருவது. இங்கோ ஆள் யாரென்றே தெரியாது. அவர் எதையும் சொல்லவில்லை. அவர் செய்துவிட்டுப் போனதிலிருந்து பிறர் ஊகிக்கிறார்கள். ஊகத்தை 'விவரம்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. 'ப்ரொஃபிலாரே' என்றால் ஓர் உருவத்தின் விளிம்பை மட்டும் கோடாக வரைவது. அதற்குள் இருப்பது 'ஃபீலும்' என்ற லத்தீன் சொல், பொருள், நூல். தச்சரும் கொத்தனாரும் நூல்பிடித்துக் கோடு போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த நூல்தான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒரு முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் நெற்றி, மூக்கு, தாடையின் விளிம்புக்கோட்டைக் குறித்தது. பிற்பாடு ஒருவரைப் பற்றிய சுருக்கமான எழுத்துச் சித்திரம் என்ற பொருளும் சேர்ந்தது. குற்றவியலில் இந்தச் சொல்லைப் பரப்பியது 1972இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. தொடங்கிய நடத்தை அறிவியல் பிரிவு.

சொல்லைவிட வேலை பழையது. 1888 நவம்பரில், லண்டன் வைட்சேப்பல் கொலைகள் பற்றி போலீஸ் மருத்துவர் தாமஸ் பாண்ட் ஓர் அறிக்கை எழுதினார். கொலையாளிக்கு உடற்கூறு அறிவு கிடையாது, ஒரு கசாப்புக்காரருக்கு இருக்கும் அளவுகூட இல்லை என்றார். உடல் வலுவுள்ளவர், ஆனால் பார்வைக்கு அமைதியானவர், நடுத்தர வயது, கண்ணியமான உடை, தனிமை விரும்பி என்று அடுக்கினார். 'புரொஃபைல்' என்ற பெயர் வைக்காத புரொஃபைல் அது.

நிஜத்தில் இது எப்படி நடக்கிறது? குற்ற இடத்தின் படங்கள், பிணப் பரிசோதனை அறிக்கை, உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம், நேரம், கிழமை, வரைபடம் இவைதான் கையில் இருக்கும். பிரிட்டனில் இதற்கு அடித்தளம் போட்டவர் டேவிட் கேன்டர், அப்போது சர்ரே பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். 1986இல் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த தொடர் வன்புணர்வுகளையும் கொலைகளையும் விசாரித்த போலீஸ் அவரிடம் உதவி கேட்டது. அவர் நிகழ்விடங்களை ஆண்டுவாரியாக வரைபடத்தில் பிரித்துக் குறித்தார். முதலில் நடந்தவை நெருக்கமாக, பின்னால் நடந்தவை விலகி விலகி. எனவே ஆள் முதல் நிகழ்விடங்களுக்கு நடுவே, கில்பர்ன் பக்கம், குடியிருக்க வேண்டும். ரயில்பாதைகளை நன்கு அறிந்தவர். மணவாழ்வில் சிக்கல் உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தார். 17 குறிப்புகளில் 13 பொருந்தின. பிடிபட்ட ஜான் டஃபி ரயில்வேயில் தச்சராக இருந்தவர்.

ஆனால் டஃபியின் பெயர் ஏற்கனவே போலீசின் பட்டியலில் இருந்தது, ஏறத்தாழ 2,000 பெயர்களுக்கு நடுவே. கேன்டரின் தாள் செய்தது அந்தப் பெயரை மேலே கொண்டுவந்ததுதான். எவரைக் கண்காணிப்பது, எந்தத் தெருவில் முதலில் விசாரிப்பது என்று வரிசை போட உதவும் கருவி இது. வீட்டுக்கதவைத் தட்டி ஆளைக் காட்டிக்கொடுக்காது. 1995இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், ஆலோசனை பெறப்பட்ட 184 வழக்குகளில் ஆளை அடையாளம் காண அது நேரடியாக வழிவகுத்தது 2.7 விழுக்காட்டில் மட்டுமே.

ஆளின் இருப்பிடத்தை ஊகிக்கக் கேன்டர் கையாண்ட வட்ட முறை எளிமையானது. ஒரே ஆள் செய்ததாகக் கருதப்படும் நிகழ்விடங்களில் மிகத் தொலைவான இரண்டை நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டையே விட்டமாக வைத்து வட்டம் போட வேண்டும். 1993இல் வெளிவந்த ஆய்வில் 45 தொடர் குற்றவாளிகளில் 87 விழுக்காட்டினரின் இருப்பிடம் வட்டத்துக்குள் இருந்தது. வெளியூரிலிருந்து வந்துபோகிறவர் விஷயத்தில் இது உதவாது. வேறொருவர் செய்த ஒரு குற்றத்தைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டாலும் வட்டம் இடம் மாறிவிடும்.

தவறு இன்னும் ஆழமாக நடந்தது லண்டன் விம்பிள்டன் காமன் கொலை வழக்கில். 1992 ஜூலையில் ஓர் இளந்தாய் தன் சிறுவயது மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். உளவியலாளர் ஒருவர் வரைந்துதந்த சித்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் வசித்த ஒருவர் பொருந்துவதாகப் போலீஸ் நினைத்தது. ஒரு பெண் அதிகாரியைக் காதலி போல் பழகவிட்டு, மாதக்கணக்கில் அவர் வாயைக் கிளறியது. வாக்குமூலம் வரவேயில்லை. 1993 ஆகஸ்டில் கைது செய்தார்கள். அடுத்த மாதம்தான் 'கிராக்கர்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1994 செப்டம்பரில் அந்தச் சான்றுகளை ஏற்க நீதிபதி மறுத்ததும் வழக்கு சரிந்தது. உண்மையில் கொன்றவர் வேறொருவர் என்று மரபணுச் சோதனை காட்டி, அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2008இல். விளிம்புக்கோடு மட்டும் உள்ள படத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற முகத்தைத் தேடிப்போனதால் வந்த வினை இது. ஒரு மனிதரின் பல ஆண்டுகள் பாழாயின.

பின்னர் பிரிட்டிஷ் போலீசே 'புரொஃபைலர்' என்ற பெயரைக் கைவிட்டது. இப்போது அந்தப் பணியாளர்களின் அலுவல் பெயர் 'நடத்தைவழிப் புலனாய்வு ஆலோசகர்' என்ற பொருள் தருவது. அவர்கள் ஃபிட்ஸைப் போல விசாரணை அறையில் எதிரே உட்கார்ந்து ஆளை உடைப்பதில்லை. எதை, எந்த வரிசையில் கேட்கலாம் என்று வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'உளவரைவு' அழகாக இருக்கிறது, ஆனால் வயது, தொழில், குடியிருப்பு ஆகியவை மனத்தோடு நிற்பவை அல்ல. 'உருவரைவு' என்றால் சாட்சி சொல்லச் சொல்ல ஓவியர் வரையும் முகப்படம் என்று வாசகர் நினைப்பார். 'குறிப்பறிதல்' குறள் வழியே நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் அது எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பது, இங்கே முகமே இல்லை.

என் தேர்வு 'ஆள்வரைவு'. வரைதல் என்றால் கோடிடுதல். இத்தாலிய மூலப்பொருள் அப்படியே வந்துவிடுகிறது. அத்துடன் இன்றைய அலுவலகத் தமிழில் 'வரைவு அறிக்கை', 'வரைவு வாக்காளர் பட்டியல்' என்றால் இறுதியாகாதது, திருத்தத்துக்கு உட்பட்டது என்று பொருள். இந்த வேலைக்கு வேண்டிய அடக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. (சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம். முன்னால் 'ஆள்' நிற்பதால் குழப்பம் வராது.) செய்பவர் 'ஆள்வரைவாளர்'.

எல்லா இடத்திலும் இதையே போடக்கூடாது. 'டி.என்.ஏ. புரொஃபைல்' ஆய்வகம் அளந்து தரும் தரவு. அதற்கு 'மரபணு விவரம்' பொருந்தும். நிறத்தையோ இனத்தையோ பார்த்துத் தெருவில் நிறுத்துவதையும் ஆங்கிலத்தில் புரொஃபைலிங் என்பார்கள். அதைத் தமிழில் 'இனம்பார்த்துச் சந்தேகித்தல்' என்று உடைத்தே எழுதலாம். தொடர்களில் அடிக்கடி வரும் 'எம்.ஓ.' என்பது குற்றம் முடிய வேண்டும் என்பதற்காகச் செய்வது: பூட்டை உடைத்த விதம், தப்பிய வழி. அது 'செயல்முறை'. குற்றத்துக்குத் தேவையே இல்லாமல் தன் மன அரிப்புக்காகச் செய்வது 'முத்திரை'. செயல்முறை அனுபவத்தோடு மாறும். முத்திரை அவ்வளவு எளிதில் மாறாது என்பது ஆள்வரைவாளர்களின் எதிர்பார்ப்பு.

வசன வரி எழுதுபவர்களுக்கு ஒன்று. சந்தேக நபரின் படத்தைக் காட்டி ஓர் அதிகாரி "புரொஃபைலுக்குப் பொருந்துகிறார்" என்றால், 'இவன்தான் குற்றவாளி' என்று சுருக்க வேண்டாம். 'ஆள்வரைவோடு ஒத்துப்போகிறார்' என்று போடுங்கள். அடுத்த காட்சியில் ஆள் மாறினாலும் அந்த வரி பொய்யாகாது.