ஷெஃபீல்டு மடக்குக் கத்தி: மீட்பதா, மாற்றுவதா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய மடக்குக் கத்தியின் வயதைச் சொல்வது அலகின் அடியில், பிடியை ஒட்டிக் குத்தியிருக்கும் முத்திரை. ஷெஃபீல்டின் பெயர்பெற்ற கத்தி நிறுவனமான ஜோசப் ராட்ஜர்ஸின் கத்தியென்றால் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901க்கு முன். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. எனவே ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. முத்திரைக்கு ஆழம் குறைவு. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் துருவோடு அதுவும் போய்விடும்.

முத்திரை தெளிவாக இருந்து, அலகும் அதிகம் தேயாமல், மூடும்போது ஸ்பிரிங் ‘டக்’கென்று சொடுக்கினால் கை வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முத்திரையும் அழிந்து, அலகு பாதியாகி, பிடியும் உடைந்திருந்தால் தாராளமாக மாற்றலாம். நடுவில் கிடப்பவைதான் தலைவலி.

துருவில் சிவப்பு வேறு, கறுப்பு வேறு. சிவப்புத் துரு ஈரத்தைப் பிடித்துவைத்து அடியிலுள்ள எஃகைத் தின்றுகொண்டே போகும். சாம்பலும் கறுப்புமான படலம் எஃகோடு ஒட்டி நின்று ஓரளவு காக்கும், அதை விட்டுவிடுங்கள். சிவப்பின் மேல் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறியதும் செம்புத் தகட்டின் விளிம்பால் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது. துரு பெயரும், அலகில் கீறல் விழாது. புளி பித்தளை விளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல எஃகையே அரிக்கும். மூட்டுக்குள் புகுந்தால் கழுவி எடுப்பதும் கடினம்.

ஆனால் துருவைவிட அதிகக் கத்திகளைக் கெடுத்தது மோட்டார் சாணை என்றே சொல்லலாம். செந்தணலான கார்பன் எஃகை நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்க்கும்போது கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்புப் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. கத்தியின் கடினம் அதனால் வருவது. உடையாமலிருக்க மறுபடி சுமார் 200-230 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். அதற்கு மேல் சூடு பட்டால், சிக்கிய கார்பன் மேலும் பிரிந்து எஃகு மென்மையாகும். சாணையில் மெல்லிய வாய் (வெட்டும் விளிம்பு) சில நொடிகளில் 300 டிகிரியைத் தொட்டுவிடும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. மறுபடி தோய்ச்சல் போடப் பிடியைக் கழற்ற வேண்டும், அலகும் முறுக்கிக்கொள்ளலாம். நீர்விட்ட கல்லில், பக்கத்துக்கு 15-20 டிகிரி சாய்வில், கையால் தீட்டுவதே போதும்.

ஒடிந்த முனையைச் சரிசெய்ய முதுகுப் பக்கத்திலிருந்து அராவி இறக்குங்கள். வாய்ப்பக்கம் அராவினால், மூடிய பிறகும் புதுமுனை பிடிக்கு வெளியே நீட்டும். அப்போது அலகின் அடியில் ஸ்பிரிங்கை முட்டும் சிறு மேட்டைத் தேய்க்க வேண்டியிருக்கும். இம்மி கூடினாலும் வாய் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும்.

ஆமையோடு போலவோ முத்துச்சிப்பி போலவோ மின்னும் பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருக்கலாம். அது சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு ஆவி வெளிவரும். ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். எண்ணெய் போட்டு வைத்தும் அலகு துருப்பிடித்தால் முதலில் பிடியைச் சந்தேகியுங்கள். அசல் என்று பார்க்காமல் மாற்றிவிட வேண்டிய பாகம் இது ஒன்றுதான். எளிதில் தீப்பற்றும் என்பதால் சுழலும் கருவி வேண்டாம். ஆணித்தலையைக் கை அரத்தால் தேய்த்து, பிடித் தகட்டைப் பெயர்த்தெடுங்கள். எடுத்ததை மற்ற கத்திகள் இருக்கும் பெட்டியில் போட்டால் அவையும் துருப்பிடிக்கும்.