650 வாட் என்றால் 650 வாட்டும் எரியுமா?

"தம்பி, கரண்ட் பில் கூடிப்போச்சு. இந்த 650 வாட் பவர் சப்ளையைக் கழற்றிப்போட்டு 400 வாட்டில ஒன்று பூட்டித் தாங்கோ." கொழும்பு வெள்ளவத்தையில் கம்ப்யூட்டர் திருத்துகிற எனக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த கோரிக்கை. போன வாரம் வந்தவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை. மலிவாக ஒன்றை வாங்கித் தானே பூட்டி, மதர்போர்டும் சேர்ந்து எரிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

பவர் சப்ளை என்பது சுவர் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதில் அச்சடித்திருக்கும் 650, அது அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடிய அளவு. எந்நேரமும் இழுக்கும் அளவு அல்ல. காலி வீதி 100ஆம் இலக்க பஸ்ஸில் 50 இருக்கை இருக்கிறது என்பதற்காக, தனியே ஏறும் உங்களிடம் 50 டிக்கெட்டா கேட்கிறார்கள்? சும்மா திறந்து கிடக்கும் சாதாரண டெஸ்க்டாப், மொனிட்டர் இல்லாமல், பெரும்பாலும் 40 முதல் 80 வாட் வரைதான் எடுக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டில் கேம் ஓடும்போது 300, 400 என்று ஏறும். சப்ளையைச் சிறிதாக்கினால் இந்தத் தேவை குறையாது. தரம் கெட்ட சப்ளை என்றால் இடையில் சூடாக வீணாவதும் உங்கள் பில்லில்தான் விழும்.

சரி, கணக்குக்கு வருவோம். 650 வாட் ஓயாமல் எரிந்தால் 30 நாளுக்கு 468 யூனிட். உண்மையில் எடுப்பது 70 வாட் என்றால் 50 யூனிட் சொச்சம். பயந்ததற்கும் நடப்பதற்கும் இவ்வளவு தூரம்.

அதற்காக 50 யூனிட் அற்பம் என்று நினைக்க வேண்டாம். பலர் பில் தொகையை யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியால் இந்த 50ஐப் பெருக்குகிறார்கள். அது பிழை. இலங்கையில் நமது வீட்டு மின் கட்டணம் 60, 90, 120, 180 யூனிட் என்று படிப்படியாக ஏறுவது. ஏற்கெனவே 85 யூனிட் எரிக்கும் வீட்டில் இந்த 50 சேர்ந்தால் 135. அதில் பெரும்பகுதி மேல் படிகளின் விலையில் போகும், நிலையான கட்டணமும் கூடும். விலை அடிக்கடி மாறுவதால், கடைசி பில்லில் உள்ள மேல் படி விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

வாட்டை ஊகிக்கவும் வேண்டாம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கிறது. இல்லையா, மற்றதெல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கை 15 நிமிடம் எண்ணுங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று போட்டிருந்து, 28 தடவை மின்னினால் 70 வாட். (பிளாட்காரர்கள் மீட்டர் அறைச் சாவிக்கு வாட்ச்மேனைப் பிடிக்க வேண்டும்.)

ராத்திரி டேட்டாவில் டவுன்லோட் போடுகிறீர்களா, முடிந்ததும் தானாக அணைய வையுங்கள். மொனிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே அணைத்ததாக நினைக்காதீர்கள். ஸ்லீப்பில் போட்டால் பொதுவாக சில வாட்தான். பிள்ளைகள் கேமை பாஸ் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போனாலும் கிராபிக்ஸ் கார்ட் பல கேம்களில் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

எதுவும் ஓடாதபோதும் விசிறி இரைகிறதென்றால் எந்த மென்பொருள் வேலை செய்கிறது என்று டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். கிராக் பண்ணிய, அதாவது காசு கட்டாமல் பூட்டு உடைத்த, மென்பொருளோடு ஒளிந்து வந்த 'மைனர்' என்ற திருட்டு மென்பொருள் உங்கள் கரண்டில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் தேவையான கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு விண்டோசைப் புதிதாகப் போடுங்கள். அந்த கிராக்கைத் திரும்பவும் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.