பார்ட்டிஷன்: பகிர்வு அன்று, பாத்தி

மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவக் கற்றுத்தரும் தமிழ்க் குறிப்புகளில் 'பகிர்வை உருவாக்கவும்', 'பகிர்வைச் சுருக்கவும்', 'பழைய பகிர்வை நீக்கவும்' என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது. அண்மையில் குன்னூரில் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டிலும் 'பார்ட்டிஷன்' என்பதற்கு இதே சொல்தான். அதை நம்பிச் செயல்படுகிறவர் தம் கோப்புகளை இழக்க நேரும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

'பார்ட்டிஷன்' என்பது பாகத்தைக் குறிக்கும் 'பார்ஸ்' என்னும் லத்தீன் சொல்லின் வழியில் பிரெஞ்சு மொழியைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கணினியில் அது, ஒரே வட்டின் இடத்தை எல்லை வகுத்துத் தனித்தனிக் கோப்பு முறைமைகளுக்கு (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்புகளுக்கு) ஒதுக்குவதைக் குறிக்கும். இந்த எல்லைகள் வட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையில் பதிவாகின்றன. 1983இல் டாஸ் 2.0 என்னும் பழைய இயங்குதளத்துடன் வந்த எம்பிஆர் என்னும் அட்டவணை முறையில், 512 பைட்டு கொண்ட முதல் துண்டத்தில் 64 பைட்டு மட்டுமே இவ்வட்டவணைக்கு உரியது. ஆகையால் நான்கு பதிவுகளுக்கு மேல் இடமில்லை. இன்றைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பதிவுகள் வரை இடமுண்டு. எப்படியாயினும் வட்டுக்குள் சுவர் ஏதும் எழுவதில்லை. இந்த எண்ணுள்ள துண்டத்திலிருந்து அந்த எண்ணுள்ள துண்டம் வரை இதற்கு என்னும் குறிப்பு மட்டுமே இருக்கிறது.

இனிப் 'பகிர்வு'க்கு வருவோம். அகராதியில் 'பகிர்தல்' என்பதற்குப் பிரித்தல் என்னும் பொருளும் உண்டே என்று இதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்டுதான். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்னும் குறளில் பகுத்தலும் பகிர்தலும் ஒன்றாகவே நிற்கின்றன. ஆனால் கலைச்சொல்லுக்கு அகராதியின் ஓரத்தில் கிடக்கும் பொருள் போதாது. படிப்பவர் மனத்தில் முதலில் எழும் பொருளே கணக்கு. இன்று 'பகிர்' என்றால் தன்னிடம் உள்ளதைப் பிறருக்கும் கிடைக்கச் செய்வது. படத்தைப் பகிர்கிறோம், செய்தியைப் பகிர்கிறோம். மின்சாரத்தை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது மின் பகிர்மானம். பகிர்வதற்குப் பெறுகிறவர் ஒருவர் வேண்டும். விண்டோஸுக்கு உரிய இடத்தில் லினக்ஸ் வகையான உபுண்டு தவறிக்கூடக் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே எல்லை வகுக்கும்போது, அங்கே யார் யாருக்கு எதைப் பகிர்கிறார்கள்?

கணினியிலேயே 'பகிர்வு' வேறொரு பணிக்கு உரிய சொல்லாகிவிட்டது என்பது இன்னும் பெரிய சிக்கல். ஒரு கோப்புறையைப் பிற கணினிகளுக்குத் திறந்துவிடுவதும் பகிர்வுதான். அந்தப் பகிர்வை நீக்கினால் கோப்புகள் அப்படியே இருக்கும். வெளியார் பார்க்கும் வழி மட்டும் அடைபடும். வட்டில் 'பகிர்வை நீக்கு' என்பதை அழுத்தினாலோ அட்டவணைப் பதிவே போய்விடும். அதிலுள்ள கோப்புகள் இயங்குதளத்தின் கண்ணுக்கு இல்லாமற்போகும். ஒரே தொடருக்கு இப்படி இரண்டு விளைவுகள் இருக்கும்போது, புதிதாகக் கற்கும் மாணவர் எதை நினைத்து அழுத்துவார்? வேடிக்கையும் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் தத்தம் தொடக்க நிரல்களை வைத்துக்கொள்ள ஒரே ஈஎஃப்ஐ இடத்தை உண்மையாகவே பகிர்ந்துகொள்கின்றன. கையேட்டின் மொழியில் அது 'பகிரப்பட்ட பகிர்வு'. ஆங்கிலச் சொற்பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, திரையை ஒருமுறையும் திறந்து பாராமல் மொழிபெயர்த்தால் இதுதான் விளையும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 'பிரிவினை' 1947ஐயும் சொத்துத் தகராறையும் நினைவூட்டுகிறது. 'தடுப்பு' கடைக்குள் பிளைவுட் பலகையால் அறை பிரிப்பதற்குச் சரி. இல்லாத சுவரை வட்டுக்குள் கட்ட வேண்டாம். 'பகுதி' நல்ல தமிழ், ஆனால் எதற்கும் பொருந்துவது. 'இந்தப் பகுதியை அழிக்கவும்' என்றால் திரையின் பகுதியா, பாடத்தின் பகுதியா என்ற ஐயம் எழும்.

நான் முன்வைக்கும் சொல் 'பாத்தி'. இதுவும் 'பகு' என்னும் வேரின் வழி வந்ததே. பகுத்துண்ணும் உணவைக் குறிக்கும் குறளின் 'பாத்தூண்' இதற்கு உறவு. நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்கும் பூண்டுக்கும் பாத்தி கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நிலம் ஒன்று, எல்லை வகுத்த பாத்திகள் பல, ஒன்றில் ஒரு பயிர். 'பார்ட்டிஷன் செய்' என்பதற்குப் 'பாத்தி கட்டு' என்று வினையும் ஆயத்தமாக இருக்கிறது. 'சுருக்கு', 'விரி', 'நீக்கு' ஆகியவற்றோடும் இடறலின்றிச் சேர்கிறது. உழவுச் சொல் கணினிக்கு ஒவ்வாது என்பார்க்கு ஒன்று சொல்லலாம்: தரவுத்தளத்தில் 'புலம்' என்பதை ஏற்றுக்கொண்டோமே, அதுவும் வயல்தானே? 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்கு வந்தன. இரண்டு இயங்குதளங்கள் இருக்கும் வட்டைப் பற்றி உழவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேச இச்சொல்லைவிட எளிதானது எது?

512 ஜிபி வட்டில் 100 ஜிபியை லினக்ஸுக்கு ஒதுக்கும் முறையை இப்படி எழுதலாம்: 'முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைக்கவும். விண்டோஸின் வட்டு மேலாண்மையில் சி பாத்தியை 100 ஜிபி சுருக்கவும். கிடைத்த வெற்றிடத்தில் லினக்ஸ் நிறுவியைக் கொண்டு புதிய பாத்தி கட்டி, அதை லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 முறையில் வடிவமைக்கவும் (ஃபார்மட்). ஈஎஃப்ஐ பாத்தியை வடிவமைக்க வேண்டாம்; அதை இரண்டு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளும்.' கடைசித் தொடரில் 'பகிர்' தன் சொந்தப் பொருளில் நிற்பதைக் காணலாம்.

'வால்யூம்' என்பதற்கும் அதே கையேடு 'பகிர்வு' என்றே எழுதியிருக்கிறது. அது வேறு; இயங்குதளம் ஒரே சேமிப்பிடமாகக் காண்பது வால்யூம்: லினக்ஸின் எல்விஎம் முறையில் பல பாத்திகளைச் சேர்த்து ஒரே வால்யூமாக ஆக்கலாம். அதற்குத் தனிச்சொல் அமையும்வரை 'வால்யூம்' என்றே எழுதுவது மேல்.