கேதுரு: லெபனான் கொடியில் நிற்கும் மரம்

லெபனான் கொடியின் நடுவில் இருப்பதைப் பலரும் ஆங்கில ‘cedar’-ஐ அப்படியே ஒலிபெயர்த்து ‘சீடர் மரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். யாருடைய சீடர் என்று வாசகர் யோசித்தால் அவர்மேல் குற்றமில்லை.

தமிழில் இதற்குப் பழைய சொல்லே உண்டு: கேதுரு. விவிலியம் வாசிக்கிற வீடுகளில் பழகிய சொல்தான். 92ஆம் சங்கீதம் நீதிமானைப் பனைக்கும் லீபனோனின் கேதுருவுக்கும் ஒப்பிடுகிறது. நமக்குத் தெரிந்த மரமும் நாம் பார்த்திராத மரமும் ஒரே வரியில். கிரேக்கத்தில் ‘கெத்ரொஸ்’. அந்த ககரம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சகரமாகிவிட்டது, தமிழில் தங்கிவிட்டது. லெபனான்காரர்கள் அரபியில் ‘அர்ஸ்’ என்கிறார்கள். உயிர்க்குறி போடாமல் எழுதினால் அரிசிக்கும் அதே எழுத்துகள்தான்!

‘தேவதாரு’ என்று எழுதலாமா? அது இமயமலை மரம். ஒரே பேரினம், வேறு இனம். போதாக்குறைக்கு, நம் வறண்ட காடுகளில் வளரும் செம்புளிச்சானுக்கும் தேவதாரம் என்று பெயர் இருக்கிறது. லெபனான் மரத்துக்குக் கேதுருவே சரி.

சரி, கொடிக்கு வருவோம். 1920 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சு ஜெனரல் குரோ பெய்ரூட்டில் ‘பெரிய லெபனான்’ உருவானதாக அறிவித்தார். அதன் கொடி, பிரான்ஸின் நீலம்-வெள்ளை-சிவப்பு மூவண்ணம். வெள்ளைப் பட்டையில் ஒரு கேதுரு. துணி பிரான்ஸுடையது, மரம் மட்டும் மண்ணின் மைந்தர்களுடையது.

1943 நவம்பர் 8 அன்று லெபனான் நாடாளுமன்றம் பிரெஞ்சு ஆணையாட்சி (பன்னாட்டுச் சங்கத்தின் ஆணைப்படி பிரான்ஸ் நடத்திய ஆட்சி) பற்றிய பிரிவுகளை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது. 11ஆம் தேதி அதிபர் பிஷாரா அல்-கூரி, பிரதமர் ரியாத் அல்-சுல், அமைச்சர்கள் என வரிசையாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதாகி ராஷையா கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். பிடிபடாத உறுப்பினர்கள் கூடி, ஒரு தாளில் புதுக் கொடியை வரைந்து கையெழுத்துப் போட்டார்கள். நீலம் போய் அங்கும் சிவப்பு வந்தது, நின்ற பட்டைகள் படுத்துக்கொண்டன, கேதுரு மட்டும் இடம் மாறவில்லை. 22ஆம் தேதி கைதிகள் விடுதலையானார்கள். அதுதான் இன்றும் சுதந்திர தினம். டிசம்பர் 7 அன்று கொடி சட்டமானது.

அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு அளவையும் சொல்கிறது: வெள்ளைப் பட்டை ஒவ்வொரு சிவப்புப் பட்டையைப்போலும் இரு மடங்கு, மரத்தின் உச்சி மேல் சிவப்பையும் அடி கீழ்ச் சிவப்பையும் தொட வேண்டும். நிறம் பச்சை. கடையில் விற்கும் கொடிகள் சிலவற்றில் அடிமரத்துக்குப் பழுப்பு பூசியிருப்பார்கள். மரம் என்றால் அப்படித்தானே என்ற நினைப்பு. சட்டப்படி அடிமரமும் பச்சைதான்.