ஓட்டுப் போடுகிற வயசு வேறு, எங்கள் வாசல் வயசு வேறு

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் பார் வாசலில் மறுபடியும் அதே கூத்து. ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேரிடம் லைசன்ஸ் இருந்தது. ஆறாவதாக வந்த பெண் செல்போனில் ஆதார் அட்டையின் போட்டோவைக் காட்டினாள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘பிறந்த ஆண்டு: 2005’ என்று மட்டும் இருந்தது. இது 2026 மார்ச் மாதம். பிறந்தநாள் வந்துபோயிருந்தால் 21, வராவிட்டால் 20. உள்ளே விட 21 ஆகியிருக்க வேண்டும். பவுன்சர் தம்பி நிறுத்தினான், சரியாகத்தான் நிறுத்தினான். சென்னையில் நான் டியூட்டி மேனேஜராக இருக்கும் ஹோட்டல் பாரின் வாசல் அதற்கப்புறம் நாற்பது நிமிடம் சந்தைக்கடையாக இருந்தது.

“கவர்ன்மென்ட் குடுத்த கார்டு சார். இதைச் செல்லாதுன்னு சொல்ல நீங்க யாரு?”

செல்லாது என்று யாரம்மா சொன்னது? அதில் உன் வயசு இல்லை என்றுதான் சொன்னேன்.

அடுத்து அப்பாவுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் போட்டாள். “தம்பி, என் பொண்ணு மேஜர். போன எம்.பி. எலக்‌ஷன்லயே ஓட்டுப் போட்டுட்டா. அவளைத் தடுக்க உங்களுக்கு ரைட்ஸ் கிடையாது.”

பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த வசனத்தை எத்தனை அப்பாக்கள், எத்தனை அண்ணன்கள், எத்தனை சட்டக் கல்லூரி மாணவர்கள் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். 18 என்பது ஓட்டுக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, கார் ஓட்ட. தமிழ்நாட்டில் மது பரிமாற 21. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு எண். ஓட்டு வயதே ஒரு காலத்தில் 21ஆகத்தான் இருந்தது. அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989இல் அதை 18 ஆக்கியது. அந்தத் திருத்தம் பூத்துக்குள் போகிறவருக்கு, பாருக்குள் போகிறவருக்கு அல்ல. ‘மேஜர்’ ஆகிவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்றால், 18 வயதுப் பையன் இன்றைக்கே கல்யாணம் பண்ணிக்கொள்ள முடிய வேண்டும். முடியாது, ஆணுக்குத் திருமண வயது 21. எம்.எல்.ஏ. ஆக 25. ஜனாதிபதி ஆக 35. ராஷ்டிரபதி பவன் வாசலில் போய் ‘நான் மேஜர்’ என்று யாரும் சண்டை போடுவதில்லை. எங்கள் வாசலில் மட்டும்தான்.

போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் கணக்கு மாறும். புதுச்சேரியிலும் கோவாவிலும் 18. கேரளத்தில் 23. டெல்லியில் 25. ஈசிஆரில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் பாண்டியில் குடித்துவிட்டு வந்தவன், “அங்க விட்டாங்களே ப்ரோ” என்கிறான். விடுவார்கள், அது வேறு ஊர். “டாஸ்மாக்குல கேக்குறாங்களா?” என்பது அடுத்த கேள்வி. 21 வயதுக்குக் கீழே விற்பதில்லை என்று அங்கேயும் போர்டு தொங்குகிறது. போர்டுக்குக் கீழே நடப்பதைப் பற்றி நான் பேசுவதற்கில்லை.

18லேயே கார் ஓட்டலாம் என்றேன் அல்லவா, ஆகவே ஓட்டுநர் உரிமம் கையில் இருப்பதே 21க்குச் சான்று ஆகாது. கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு 16 வயதிலேயே உரிமம் கிடைக்கும். அட்டையில் இருக்கும் தேதியைத்தான் பார்க்கிறோம், அட்டையை அல்ல. பான் கார்டும் அப்படித்தான். பான் இருந்தாலே பெரியவர் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. தொட்டில் குழந்தைக்குக்கூட பான் வாங்கலாம், என்ன, அதில் போட்டோ இருக்காது.

சரி, ஆதாருக்கு வருகிறேன். பிறந்த தேதிக்கு ஆதார் சான்று அல்ல என்று அதை வழங்கும் ஆணையமே சொல்லிவிட்டது. புதிய அட்டைகளில் அச்சடித்தே கொடுக்கிறார்கள், ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரை ஒதுக்கிவிட்டு, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. அதற்காகப் பாருக்கு டி.சி.யோடு வா என்று யாரையும் சொல்ல முடியுமா? (ஒரு பையன் உண்மையிலேயே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து கொண்டுவந்தான். “மார்க்கை மட்டும் பாக்காதீங்க சார்” என்றான். உள்ளே விட்டேன்.) எல்லோர் கையிலும் இருப்பது ஆதார்தான் என்பதால் முழுத் தேதி இருந்தால் நாங்களும் வாங்கிப் பார்க்கத்தான் செய்கிறோம். ஆரம்ப காலத்தில் எடுத்த அட்டைகள் பலவற்றில் வருடம் மட்டும்தான் இருக்கும். அம்மா, அப்பா வாய்மொழியாகச் சொன்ன வயசு அது. என் அப்பாவின் பிறந்த தேதியை முடிவு செய்தது ஒன்றாம் வகுப்பு வாத்தியார், ஆகவே எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் வருடத்தை மட்டும் வைத்து நான் ஊற்றிக் கொடுத்து, மறுநாள் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை ஆட்கள் வந்து நின்றால், பார் உரிமம் போவது எங்களுக்குத்தான், உங்களுக்கு அல்ல.

அடுத்தது செல்போன் போட்டோ. கேலரியில் இருக்கும் படமும் ஸ்கிரீன்ஷாட்டும் எங்களுக்குப் படம்தான், ஆவணம் இல்லை. 2006ஐ 2003 ஆக்க இன்றைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ‘3’ மட்டும் பக்கத்து எண்களைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், அல்லது அரை மயிரிழை கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பாது, தப்பினாலும் கியூஆர் கோடு காட்டிக் கொடுத்துவிடும். விளையாட்டாகச் செய்கிறார்கள், ஆனால் இதன் பெயர் போலி ஆவணத்தை அசல் போலக் காட்டுவது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 340ஆவது பிரிவு. அண்ணன் லைசன்ஸைக் கொண்டுவரும் தம்பிகளே, மூக்கு ஒரே மாதிரி இருக்கும், காது இருக்காது.

அசல் அட்டை கையில் இல்லையென்றால், ஆவணங்களைச் செல்போனில் வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் செயலியை எங்கள் கண்முன்னால் திறந்து காட்டுங்கள். அதிலிருந்து வரும் ஆவணத்தை அசலுக்குச் சமமாகக் கொள்ள விதியே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் பாஸ்போர்ட் கொண்டுவாருங்கள். அமெரிக்க லைசன்ஸில் மாதம் முதலில் வரும், 05/12 என்றால் மே மாதமா டிசம்பரா என்று வாசலில் பட்டிமன்றம் நடத்த எனக்கு நேரமில்லை. மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. இலங்கை அட்டை எண்ணிலும் வருடமும் நாளும் ஒளிந்திருக்கும், பெண்கள் என்றால் நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அக்கா சொல்லிக் கொடுத்தார். தெரிந்துவைத்திருப்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான், பாஸ்போர்ட்டைக் கேட்பதை விடமாட்டேன்.

எங்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது. பெண்களிடம் மட்டும் ஐடி கேட்கும் பவுன்சர்கள் உண்டு. பெரிய இடத்துப் பையன் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் மேனேஜர்களும் உண்டு. விருந்தாளியின் ஆதாரைத் தன் சொந்த செல்போனில் படம் எடுத்த ஒருவனை நானே வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறேன். எங்களுக்குத் தேவை பார்ப்பது மட்டும்தான். ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள், சண்டை போடுங்கள், அந்தச் சண்டையில் நான் உங்கள் கட்சி. முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரே வயசு பார்க்கப் போதும்.

அந்தப் பெண்ணின் கதை? தோழி ஒருத்திதான் கடைசியில், “உன் லைசன்ஸ் டிஜிலாக்கர்ல இருக்கும்டி, பாரு” என்றாள். இருந்தது. ஜனவரி 11, 2005. உள்ளே போனார்கள். ஆனால் அவர்கள் புக் செய்திருந்த டேபிளில் அதற்குள் வேறு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆதாரில் வருடம் மட்டும் இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழோடு ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் சரியான தேதியோடு போங்கள். கூட்டத்தில் ஒருவருக்கு 21 ஆகவில்லையா? டேபிள் புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். மேல்மாடி ரெஸ்டாரன்டில் எல்லோருக்கும் சேர்த்து இடம் போட்டுத் தருகிறேன். அங்கே யாரிடமும் எதுவும் கேட்கமாட்டோம், பிரியாணியும் நன்றாக இருக்கும்.