பூத்த பூவெல்லாம் எங்கே போச்சு?

"தெனம் தண்ணி ஊத்துறேன், சாணி எரு போட்டேன், பூவும் கொத்துக் கொத்தா வருது. ஆனா ஒரு காய் நிக்கல. எல்லாம் கொட்டிக்கினே கீது."

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு சித்திரையிலும் மாடித் தக்காளியைக் காட்டிச் சொல்லும் வார்த்தை இது. உரக்கடையில் கேட்டால் ஒரு டானிக் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்குவதற்கு முன்னால், கொட்டிய பூ ஒன்றை எடுத்து அதன் காம்பைப் பாருங்கள்.

தக்காளிப் பூவின் காம்பில் விரல் மூட்டு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். பூ கழன்று விழுவது அந்த இடத்தில்தான். பிளேடால் நறுக்கியது போல முனை சுத்தமாக இருக்கும். காற்றில் பிய்ந்த பூ அப்படி இருக்காது. பிரிவதற்கென்றே சில அடுக்குச் செல்களை அந்த மூட்டில் செடி தயாராக வைத்திருக்கிறது. மகரந்தம் பூவின் நடுக் குச்சியின் நுனியான சூல்முடியில் விழுந்து, நூல் போலக் குழாய் விட்டு உள்ளே இறங்கி, விதையாகப் போகும் சூல்களைச் சேர்ந்துவிட்டால் பிஞ்சு ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அது காம்பு வழியே இறங்கிக்கொண்டிருக்கும் வரை மூட்டு இறுகி நிற்கும். மகரந்தம் சேராத பூவில் ஆக்சின் வரத்து குறையும். அப்போது எத்திலீன் தன் வேலையைத் தொடங்குகிறது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அது கிளப்பிவிடும் நொதிகள், செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். அப்புறம் கை பட்டாலே பூ உதிரும்.

சரி, மகரந்தம் ஏன் சேரவில்லை? நம் ஊரில் பாதிப் பதில் வெயில். வேலூரை வெயிலூர் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். தக்காளியோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த செடி. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் மகரந்தம் வீரியம் இழக்கும், சூல்முடி காய்ந்துபோகும். பகலை மட்டும் பார்த்தால் போதாது, இரவும் முக்கியம். இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால்தான் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமென்ட் தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கிறது. மாடியில் வெறுங்காலோடு எட்டு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டின் மேல்தான் நம் செடிப் பைகளும் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகரந்தம் பூ விரியும் அன்று உருவாவதில்லை. மொட்டு சின்னதாக இருக்கும்போதே, விரிவதற்குச் சுமார் பத்து நாள் முன்பே, உள்ளே அந்த வேலை நடக்கிறது. வெப்பம் அதிகம் கெடுப்பதும் அந்த நாட்களில்தான். அதனால் நேற்று மழை பெய்து குளிர்ந்ததே, இன்றும் பூ கொட்டுகிறதே என்று பதற வேண்டாம். இன்றைக்குக் கொட்டுவது போன வாரத்து வெயிலின் கணக்கு.

செங்கல் அடுக்கி அதன் மேல் பையை வையுங்கள். தளத்துக்கும் பைக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். மண் மேல் வைக்கோலோ மல்லாட்டைத் தோலோ (வேர்க்கடலைத் தோல்) இரண்டு விரல் உயரம் பரப்புங்கள். பொழுது சாய்ந்ததும் தளத்தில் நாலு வாளித் தண்ணீர் தெளித்தால் இரவுச் சூடு தணியும். இவ்வளவு செய்தும் வைகாசியில் தக்காளி ஏமாற்றலாம். என்னைக் கேட்டால், காலத்தோடு சண்டை போடாமல் புரட்டாசியில் விதைப்பதுதான் சரி. 25 நாளில் நாற்று தயார், ஐப்பசியில் பையில் நடலாம், கார்த்திகை மார்கழியில் பூ வரும். அப்போது நம் ஊர் இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். தையில் பழம் பறிக்கலாம்.

வெயில் காலத்துக்குக் கத்தரி இருக்கிறது. அது நம் பக்கத்துச் செடி, சூடு தாங்கும். அதிலும் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடியின் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. காம்பில் கையை வைத்தால் குத்தும், வேகவைத்தால் வெண்ணெய். ஆனால் கத்தரியிலும் பூ கொட்டுமே என்பீர்கள். கொட்டும், அதற்குக் காரணம் வேறு. காலையில் ஒரு கத்தரிப் பூவுக்குள் உற்றுப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பைகள் வட்டமாக நிற்கும். நடுவிலிருந்து பச்சையாக ஒரு குச்சி, அதாவது சூல்தண்டு, அவற்றைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். மகரந்தப் பைகளின் உயரத்துக்கே நின்றாலும் காய்க்கலாம். உள்ளேயே குட்டையாகப் பதுங்கியிருந்தால் அது பெரும்பாலும் விழுந்துவிடும். ஒரே செடி இந்த எல்லா வகைப் பூவையும் பூக்கும். ஆகவே கத்தரியில் கொஞ்சம் பூ விழுவது அதன் இயல்பு. அதற்கு மருந்து தேடாதீர்கள்.

கத்தரியின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிப்பதில்லை. உப்பு டப்பா போல நுனியில் சிறு துளை இருக்கும், குலுக்கினால்தான் தூள் கொட்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ங்ஙொய்' என்று அதிர்கிறதே, அது மகரந்தத்தை உதிர்க்கும் வேலை. நம் வழக்கமான தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளிக்கும் இதே கதைதான். காற்றின் ஆட்டமும் அதற்கு உதவும். நாலு பக்கமும் சுவர் எழுப்பிய மாடியில் காற்றும் இல்லை, வண்டும் இல்லை என்றால், காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பழைய டூத்பிரஷ் இருந்தால் காம்பின் பின்னால் ஒரு நொடி வைத்து எடுக்கலாம்.

கொடிகளின் விஷயம் தனி. சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதல் சில நாட்களுக்கு ஆண் பூக்களே வரும். அவை விழத்தான் செய்யும். பெண் பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒன்று பிறக்கும்போதே ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகிச் சூம்பினால் மகரந்தம் வரவில்லை என்று பொருள். அரைகுறையாக வந்திருந்தால் காய் ஒரு பக்கம் மட்டும் பருத்து வளையும். உள்ளே விதை உருவாகாத பக்கம் சதையும் வளராது.

கையால் மகரந்தம் சேர்க்கலாம், நேரம் மட்டும் தவறக் கூடாது. பூசணியும் பாகலும் விடிகாலையில் விரியும். சுரையும் புடலையும் சாயங்காலத்துப் பூக்கள், அந்துப்பூச்சிக்காக வெள்ளையாக விரிபவை. பீர்க்கு மஞ்சளாக இருந்தாலும் மாலையில்தான் விரியும். மூட்டம் போட்ட நாளில் எங்கள் பாட்டி பீர்க்கம்பந்தலைப் பார்த்துத்தான் விளக்கேற்றுவார். காலை ஏழு மணிக்குச் சுரைப்பூவில் தூரிகையோடு நின்று பயனில்லை. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதற்கும் இந்த நேரக் கணக்கைப் பாருங்கள். பூ விரிந்திருக்கும்போது தெளித்தால் வருகிற பூச்சியும் போய்விடும்.

பெண் பூவே வரவில்லையா? நீண்ட பகலும் கடும் சூடும் ஆண் பூவைக் கூட்டும், தழைச்சத்து அதிகமானாலும் அப்படித்தான். சுரைக்கொடி பந்தல் ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில் பெண் பூ சீக்கிரம் வரும். வெள்ளரி, பூசணி வகைகளில் பெண் பூவைத் தூண்டுவது எது தெரியுமா? தக்காளிப் பூவை உதிர்க்கிற அதே எத்திலீன்!

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்குவதைவிட, கோடையில் காலையும் மாலையும் கொஞ்சமாக ஊற்றுவது பூவைக் காப்பாற்றும்.

போன ஆவணியில் அக்காவும் நானும் இரவு ஏழு மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் அவர் சுரைப்பந்தலுக்குக் கீழே நின்றோம். ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்து, பெண் பூவின் நடுவில் மூன்று முறை தடவினார். அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல். நாலாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "நூல் கட்னது தலைய தொங்க போட்டுக்குச்சு, வந்து பாரு!" பிஞ்சு கட்டைவிரல் கனத்திலிருந்து கைப்பிடி அளவுக்கு வந்து, கனம் தாங்காமல் கீழே பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.