பைலட் எபிசோட்: முன்னோடியா, வெள்ளோட்டமா?

தொலைக்காட்சித் தொடர் எழுதுவது எப்படி என்று தமிழில் எதைப் படித்தாலும் ‘முன்னோடி அத்தியாயம்’ என்று ஒன்று வந்து நிற்கிறது. தொடரைத் தொடங்கும் முன் சோதனையாக எடுத்துப் பார்க்கும் பைலட் எபிசோடைச் சொல்கிறார்களாம். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பியவர்கள் ‘விமானி அத்தியாயம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அவர்களை விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதும் ‘முன்னோடி’தான் உறுத்துகிறது.

பைலட் என்பதன் வேர் துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல். இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறித்தது, நம் மீகாமன். 20ஆம் நூற்றாண்டில் விமானம் ஏறியது. சோதனை முயற்சி என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

சரி, பைலட் எதற்கு எடுக்கிறார்கள்? அமெரிக்காவில் எழுத்தாளர் கதையின் கருவைச் சொல்வார். சேனலுக்குப் பிடித்தால் ஒரு எபிசோடுக்கு மட்டும் எழுதச் சொல்வார்கள். அதுவும் தேறினால் அதை மட்டும் படமாக்கிப் பார்ப்பார்கள். பாத்திரங்கள் நிற்கின்றனவா, நடிகர்கள் பொருந்துகிறார்களா என்று பார்த்த பிறகுதான் தொடருக்கு ஆர்டர். விண்வெளிக் கதைத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’கின் முதல் பைலட்டை 1965இல் என்பிசி சேனல் நிராகரித்து, இன்னொன்று எடுக்கச் சொன்னது. கதையின் விண்கலத் தலைவரான கேப்டன் பைக் போய் கிர்க் வந்தார். பழைய பாத்திரங்களில் தப்பியது ஸ்பாக் மட்டும். ‘சைன்ஃபெல்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரின் 1989 பைலட்டில் எலெய்ன் என்ற பாத்திரமே கிடையாது. பக்கத்து வீட்டு கிரேமருக்குப் பெயர் கெஸ்லர்.

இப்போது ‘முன்னோடி’யைப் பாருங்கள். முன்னோடி எழுத்தாளர், முன்னோடி விவசாயி என்கிறோம். முன்னே போனவர், பின்னால் மற்றவர்கள் வந்தார்கள் என்று பொருள். நிராகரிக்கப்பட்ட பைலட்டுக்குப் பின்னால் யார் வந்தார்கள்? யாருமே பின்தொடராத முன்னோடி என்ன முன்னோடி? அரசு அறிக்கைகளில் ‘முன்னோடித் திட்டம்’ என்று புழங்குவதைப் பார்த்து இங்கேயும் ஒட்டிவிட்டார்கள். அங்கேயே அது அரைப் பொருத்தம்தான். ‘முன்னோட்டம்’ என்பாரும் உண்டு. அதை டிரெய்லர்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘முதல் எபிசோட் என்றால் போதாதா?’ என்று கேட்டால், போதாது. ஸ்டார் ட்ரெக்கின் இரண்டாவது பைலட் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பானது மூன்றாவது எபிசோடாக. நிராகரித்த முதல் பைலட் முழுசாகத் தொலைக்காட்சியில் வந்ததே 1988இல்தான்.

இதற்கெல்லாம் ஊரில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் உற்சவரை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாக உருள்கிறதா, திருப்பத்தில் திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்கு நிற்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் சரிசெய்வார்கள். திருவாரூர் ஆழித்தேரைப் புதுப்பித்தபோதும் 2015இல் வெள்ளோட்டம் விட்டார்கள். பைலட்டில் நடப்பதும் இதுதான்.

வெள்ளோட்டம் விட்ட தேரை யாரும் தூக்கிப் போடுவதில்லையே, பைலட்டைத் தூக்கிப் போடுகிறார்களே என்று மடக்கலாம். மடக்குங்கள். சோதித்துப் பார்ப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ‘முன்னோடி’யில் அது துளியும் இல்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. தொடருக்கான ஸ்கிரிப்ட்டை ‘எழுத்துரு’ என்று போட்டதையும் படித்தேன். எழுத்துரு என்றால் ஃபான்ட் ஐயா! கதை நெடுக ஒரு பாத்திரம் மாறிவருவதை ஆர்க் என்பார்கள், அது ‘வளைவு’ ஆகிவிட்டது. அந்த ஆள் மாறுகிறான் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

எழுதும்போது ‘வெள்ளோட்டப் பகுதி’ என்று போடலாம். பேச்சில் ‘வெள்ளோட்டம்’ போதும். ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஒரு எபிசோடில் புது ஆட்களை நுழைத்து, அவர்களுக்குத் தனித் தொடர் தேறுமா என்று பார்க்கும் தந்திரமும் உண்டு. பேக்டோர் பைலட் என்பார்கள். அதற்கும் ‘கொல்லைப்புற வெள்ளோட்டம்’ அழகாகவே பொருந்துகிறது.